இலுப்பைப் பூ கொட்டும் வேளை

அன்புத் தங்கைக்கு,

தாவர ஓவியம் பழகத் தொடங்கியிருக்கும் உனக்குத் தஞ்சாவூர்ச் சீமையைப் போல் ஒரு பள்ளிக்கூடம் கிடைப்பது அரிது. பங்குனி விடியலில் ஓர் இலுப்பை மரத்தடிக்குப் போ. பாடம் தரையில் கொட்டிக் கிடக்கும்.

இலுப்பைப் பூ சதைப்பற்றானது, வெளிர்மஞ்சள், நல்ல இனிப்பு. ஆலையில்லாத ஊருக்கு அதுவே சர்க்கரை என்பது பழமொழி. இரவில் வௌவால்கள் வந்துபோக, விடியும்போது பூ உதிர்கிறது. ஆனால் உதிர்வது முழுப் பூ அல்ல. அல்லிவட்டமும் அதன் உள்ளே ஒட்டியிருக்கும் மகரந்தத் தாள்களும்தான் கீழே வருகின்றன. புல்லிவட்டமும் சூலகமும், நீண்ட சூல்தண்டு துருத்தியபடி, கிளையிலேயே நிற்கின்றன. நாளை காயாகப் போவது அதுதான். கையில் எடுத்ததை மட்டும் வரைந்து 'இலுப்பைப் பூ' என்று எழுதினால் படம் பாதியில் நிற்கும். அண்ணாந்து பார்த்து, மரம் வைத்துக்கொண்டதையும் வரைய வேண்டும்.

மகிழம்பூவிலும் இதே கதை. ஊசியில்லாமலே அதை வாழைநாரில் கோத்துவிடலாம். சூல்தண்டு மரத்தில் தங்கிவிடுவதால் உதிர்ந்த பூவின் நடுவே துளை இருக்கிறது. இலுப்பையும் மகிழும் தாவரவியலில் ஒரே குடும்பம்.

இந்த மண்ணில் இப்படிக் கூர்ந்து பார்த்தவர்கள் உனக்கு முன்பும் உண்டு. தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் மாணவரான யோஹான் கோனிக் 1768இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். இங்கிருந்து செடிகொடிகளை ஆசிரியருக்கு அனுப்பினார். இலுப்பையின் தாவரவியல் பெயரைத் தொடர்ந்து இன்றும் கோனிக்கின் பெயர் எழுதப்படுகிறது. பின்னர் மன்னர் இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில் தஞ்சை ஓவியர்கள் பறவைகளையும் விலங்குகளையும் செடிகளையும் காகிதத்தில் வண்ணமாகத் தீட்டினார்கள். சாமி படங்களுக்குப் பேர்போன ஊரின் இந்த இன்னொரு மரபு உனக்குச் சொந்தமானது.

இனி வேலைக்கு வருவோம்.

வாசல் பெருக்குவதற்கு முன்பே போய்விடு. பவழமல்லி அந்தியில் விரிந்து விடியலில் உதிரும். வெயில் ஏறினால் வாடிச் சுருண்டுவிடும். இலுப்பைப் பூவும் பழுப்பேறி நிறம் மாறும். ஆகவே முதலில் வண்ணம், பிறகுதான் கோடு. பவழமல்லிக் குழலின் காவி நிறத்தை அந்த இடத்திலேயே காகித ஓரத்தில் தீட்டி வைத்துக்கொள். எடுத்த பூவை நனைத்த வாழையிலையில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவா. அளவுகோல் வைத்து, உள்ள அளவிலேயே வரை. தேதி, ஊர், எந்த மரம் என்ற மூன்றையும் படத்தின் அடியில் எழுது.

எல்லாமே அவசரப்படுத்தாது. திருவிடைமருதூருக்குப் பெயர் தந்த மருதமரம் காவிரிக் கரையோரம் ஐந்து சிறகுள்ள காய்களை உதிர்க்கிறது. கட்டைபோல் இறுகிய காய். மாதக்கணக்கில் மேசையில் கிடந்தாலும் உருவம் மாறாது. மழை பெய்து வெளியே போக முடியாத ஐப்பசி நாட்களுக்கு அதை எடுத்து வை. ஐந்து சிறகையும் ஒரே பார்வையில் காட்ட முடியாது. பக்கவாட்டில் ஒன்று, நுனியிலிருந்து ஒன்று என இரண்டு படம் போடு.

ஆனி, ஆடியில் அதே இலுப்பை மரத்தடிக்குத் திரும்பிப் போ. எண்ணெய்க்குக் கொட்டை பொறுக்குகிறவர்கள் அங்கே இருக்கலாம். உனக்கு இரண்டு கொட்டை போதும், மற்றவை அவர்களுக்கு. பங்குனியில் வரைந்த சூலகத்தின் பக்கத்தில் இடம் விட்டிருப்பாய் அல்லவா, அங்கே அந்தக் கொட்டையை வரைந்து தேதி போடு.