படலையைத் தட்டுமுன்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் கிறிஸ்தவர்களை இன்னும் 'வேதக்காரர்' என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லில் பகை இல்லை. ஆனால் பழைய கணக்கொன்று இருக்கிறது. பள்ளிக்கூடம் வைத்தார்கள், ஆஸ்பத்திரி கட்டினார்கள், அச்சுக்கூடம் கொண்டுவந்தார்கள் என்பது கணக்கின் ஒரு பக்கம். அதைக் காட்டி ஆட்களை வேதத்துக்கு மாற்றினார்கள் என்பது மறுபக்கம். ஆகவே, இன்று ஒரு சபையார் அரிசிப் பையோடு ஒரு வீட்டுப் படலையில் வந்து நின்றால், வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லலாம், மனதுக்குள் ஓடும் கேள்வி வேறு: "இதுக்குப் பிறகு என்ன கேப்பினம்?" அயலுக்கு உதவவும் தங்கள் விசுவாசத்தைப் பகிரவும் விரும்பும் கிறிஸ்தவர்கள் முதலில் பதில் வைத்திருக்க வேண்டியது இந்தக் கேள்விக்குத்தான். ஒன்றும் கேட்கமாட்டோம் என்று வாயால் சொன்னால் ஊர் நம்பாது. செய்யும் முறை அதைச் சொல்ல வேண்டும். நிபந்தனை இல்லாத சேவை சாட்சி சொல்வதற்குத் தடை என்று சபைகளுக்குள் சிலர் நினைக்கிறார்கள். குடாநாட்டின் இருநூறு வருட அனுபவம் அதற்கு நேர்மாறானதைக் காட்டுகிறது என்பது என் கட்சி.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. டானியல் பூர் அதன் முதல் அதிபர். கணிதமும் வானியலும் ஆங்கிலமும் தமிழும் அங்கே கற்பிக்கப்பட்ட தரம், அந்தக் காலத்து ஆசியாவில் அரிது. ஆனால் கல்வியும் உணவும் தங்குமிடமும் வேதபாடமும் ஒரே கூரையின் கீழ், ஒரே கையால் கொடுக்கப்பட்டன. அந்த ஆங்கிலம் அரசாங்க உத்தியோகத்துக்கு வழி திறந்தது. எவன் விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றான், எவன் உத்தியோகத்துக்காகத் தலையசைத்தான் என்று பிரித்தறியக் கொடுத்தவர்களாலேயே முடியவில்லை. மிஷனின் தலைமைச் செயலாளர் றூபஸ் அண்டர்சனின் விசாரணைக்குப் பின் 1855இல் செமினரி மூடப்பட்டது. அங்கே படித்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் பின்னாளில் சைவத்துக்கே திரும்பினார்கள். தமிழுக்கு இது நட்டமே இல்லை. பழந்தமிழ் நூல்களைத் தாமோதரம்பிள்ளை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த கதையை எல்லோரும் அறிவர். ஆனால் நன்மையோடு கட்டிக்கொடுத்த விசுவாசம், நன்மை கைக்கு வந்தபின் அவிழ்ந்துபோகும் என்பதற்கு வட்டுக்கோட்டையை விடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

மானிப்பாயில் கதை வேறு மாதிரி நடந்தது. 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், அடுத்த வருடமே மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி அச்சிட்டார். அறுபதுக்கும் மேற்பட்ட உள்ளூர் வைத்தியர்களை உருவாக்கினார். மாணவர்கள் கோட்டும் தொப்பியுமாக அரைகுறை ஐரோப்பியராக மாறுவதை அவர் விரும்பவில்லை. கிறீனின் மருந்துச்சாலையில் சுவிசேஷம் பேசப்படவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பேசப்பட்டது, அவர் தம்மை ஊழியராகவே எண்ணினார், தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தம் கல்லறையில் பொறிக்கும்படி கேட்டுக்கொண்டவர் அவர். ஆனால் காய்ச்சலுக்கு மருந்து வாங்க யாரும் சமயம் மாறவேண்டி இருக்கவில்லை. ஆஸ்பத்திரி இன்றும் அவர் பெயரோடு மானிப்பாயில் இருக்கிறது. அவரைப் பற்றிக் கசப்பாகப் பேசும் சைவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிறீன் பிறந்த அதே 1822இல் பிறந்தவர் சைவப் பிரசங்கியான ஆறுமுக நாவலர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். மிஷனரிமாரின் சலுகை காட்டும் முறையை நாவலர்போல் கிழித்தவர் எவருமில்லை.

இனி வேலைக்கு வருவோம். முதற்படி, கொடுப்பதற்கு முன் கேட்பது. சபைக் கூட்டத்தில் இருந்துகொண்டு ஊருக்கு என்ன தேவை என்று தீர்மானிக்கக்கூடாது. கிராம சேவையாளரையும் சனசமூக நிலையத்தாரையும் மாதர் சங்கத் தலைவியையும் தனித்தனியாகச் சந்தியுங்கள். முன்பள்ளி ஆசிரியையை மறக்க வேண்டாம்; எந்தப் பிள்ளை காலைச் சாப்பாடில்லாமல் வருகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். இன்றைய குடாநாட்டில் வறுமை பெரும்பாலும் அரிசிப் பானையில் தெரிவதில்லை. பிள்ளைகள் எல்லோரும் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, காசு வந்தும் ஆள் வராத வீட்டில் தனித்திருக்கும் முதியவர் ஏழை. நுண்கடன் கட்ட முடியாமல், வசூலிக்க வருபவரின் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கே ஒளிந்துகொள்ளும் பெண் ஏழை. தெல்லிப்பழை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வன்னியிலிருந்து வந்து, நோயாளியின் பக்கத்தில் இராத்தூக்கம் இல்லாமல் நிற்பவரும் ஏழைதான். பட்டியலைப் போட்டபின், அதில் உங்கள் சபைக்குச் செய்யத் தெரிந்தது எது என்று பாருங்கள்.

இரண்டாம் படி, ஒன்றை மட்டும் எடுத்து அதைத் திறமாகச் செய்வது. நத்தாருக்கு முன் ஒருநாள் பொதி கொடுத்துப் படம் எடுப்பதைவிட, ஒவ்வொரு செவ்வாயும் நாலு மணிக்குத் தவறாமல் ஒரு முதியவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய் மருந்து வாங்கிக் கொடுப்பது பெரிய காரியம். படம் எடுக்கவே வேண்டாம். வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புபவர் கேட்டால் பற்றுச்சீட்டை அனுப்புங்கள், பெற்றவரின் முகத்தை அல்ல. நாலு வாரம் செய்து ஐந்தாம் வாரம் விட்டுவிடுவதாக இருந்தால் தொடங்கவே கூடாது. காத்திருக்க வைத்துவிட்டு வராமல் போவது முதியவருக்கு இன்னொரு பிள்ளை வெளிநாடு போனதற்குச் சமம். ஆஸ்பத்திரியில் நிற்பவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பதென்றால் சைவச் சாப்பாடாகவே கொடுங்கள், மச்சம் சமைக்காத பானையில். வாங்குபவர் வெள்ளிக்கிழமையா, விரதமா என்று தயங்கித் தயங்கிக் கேட்கும் நிலை வரக்கூடாது. சாதியைப் பற்றியும் மூடி மறைக்காமல் பேசவேண்டும். தேவாலயத்துக்குள்ளும் சாதி கதிரை போட்டு உட்கார்ந்த ஊர் இது. போகும் வீட்டில் தேத்தண்ணி தந்தால் குடிக்கத் தயங்குபவரை அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். அவர் கொண்டுபோகும் அரிசியை விட அவர் தொடாமல் வைத்துவிட்டு வந்த கோப்பை அதிகம் பேசும்.

மூன்றாம் படிதான் இந்தக் கட்டுரையின் நடுப்புள்ளி: உதவியையும் உபதேசத்தையும் இடத்தாலும் நேரத்தாலும் ஆளாலும் பிரித்து வையுங்கள். மருந்து கொண்டுபோகும் பையில் துண்டுப்பிரசுரம் இருக்கக்கூடாது. பின்னேர வகுப்பு நடத்தினால் அதே மண்டபத்தில் அடுத்த மணித்தியாலம் ஜெபக்கூட்டம் வைக்காதீர்கள். உதவிப் பட்டியலை எழுதுபவரும் ஆராதனை வரவைப் பார்ப்பவரும் ஒருவராக இருக்கவேண்டாம். ஆதிச் சபையிலேயே பந்தி விசாரிக்க ஏழு பேரைத் தனியாக நியமித்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. பிரிப்பது நவீன தந்திரம் அல்ல. இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை விரும்பிய சமயத்தை ஏற்கும் சுதந்திரத்தையும், 14(1)(உ) அதை வழிபாட்டிலும் போதனையிலும் வெளிப்படுத்தும் சுதந்திரத்தையும் தருகின்றன. ஆனால் 2003இல், மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலத்தைப் பரிசீலித்த உயர் நீதிமன்றம், சமயத்தைப் பரப்பும் உரிமை அரசியலமைப்பில் இல்லை என்றும், பொருளுதவியோடு பரப்புவது ஏற்கத்தக்கதல்ல என்றும் தீர்மானித்தது. 2005இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு, கன்னியர்களின் உரிமை மீறப்பட்டது என்று கருத்துரைத்தது. நான் ஐ.நா. குழுவின் பக்கம்தான். ஆனாலும் நீதிமன்றத்தின் சந்தேகம் எங்கிருந்து பிறந்தது என்று கேட்கத் தெரியாத சபை, வட்டுக்கோட்டையை மறந்த சபை.

இங்கே சபைக்குள்ளிருந்தே ஒரு மறுப்பு வரும். "அப்படியானால் நாங்கள் சமூக சேவை நிறுவனமா? ஆத்துமாக்களைப் பற்றி அக்கறை இல்லையா? இயேசுவும் உணவு கொடுத்தார், பிரசங்கமும் பண்ணினார்." உண்மை. ஆனால் யோவான் ஆறாம் அதிகாரத்தை இறுதிவரை வாசித்தால், அப்பம் சாப்பிட்ட கூட்டம் அப்பத்துக்காகவே பின்தொடர்ந்ததை அவரே கண்டித்ததும், பலர் விலகிப்போனதும், போனவர்களைக் கூப்பிட்டு அவர் பேரம் பேசாததும் தெரியும். பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன் மட்டும் திரும்பிவந்தான். வராத ஒன்பது பேருக்கும் குஷ்டம் திரும்பவில்லை. அக்கறை என்பது மற்றவரின் 'இல்லை' என்ற பதிலைத் தாங்கும் வலிமை. அதைத் தாங்க முடியாதவர் உதவி செய்யவில்லை, முதலீடு செய்கிறார். முதலீட்டுக்கு வட்டி வராதபோது கோபம் வருவதும் இயற்கையே. வட்டுக்கோட்டையில் இந்தக் கலப்பைக் கண்ட அண்டர்சனின் எண்ணமும் செமினரியைக் குறைத்துப் பிரசங்கத்தை வளர்ப்பதுதான் என்று யாரும் சுட்டிக்காட்டலாம். ஆம். ஆனால் அவர் கண்ட நோய் உண்மை என்பதால் அவர் எழுதிய மருந்தும் சரியாகிவிடாது. கிறீன் மருத்துவத்தைக் குறைக்கவில்லை, தமிழாக்கினார்.

நான்காம் படி, சொல்வது. பிரித்து வைத்தால் வாய் மூடியிருக்க வேண்டும் என்று பொருளில்லை. வாரம் தவறாமல் வருபவரிடம் மூன்றாம் நாலாம் மாதத்தில் ஒருநாள் அந்த வீட்டு ஆச்சி தானாகவே கேட்பா: "பிள்ளை, ஏன் நீங்கள் இதைச் செய்யிறியள்?" பேதுருவின் முதலாம் நிருபம் மூன்றாம் அதிகாரம் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்வது இந்தக் கேள்விக்குத்தான், அதுவும் சாந்தத்தோடும் மரியாதையோடும். பதிலை முன்கூட்டியே, வீட்டில், உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு மூன்று வசனங்களாகச் சொல்லிப் பழகுங்கள். 'இரட்சிப்பு', 'அபிஷேகம்', 'மீட்பின் திட்டம்' என்ற சபைத் தமிழ் அந்த விறாந்தையில் யாருக்கும் விளங்காது. இயேசு எனக்கு யார், அவரால் என் நடத்தை எப்படி மாறியது, ஆகவே இங்கே வந்திருக்கிறேன், இவ்வளவு போதும். அதன்பின் நிறுத்துங்கள். ஆச்சி இன்னும் கேட்டால் தொடருங்கள், திருநீற்றுத் தட்டை எடுத்துவந்து தம் பிள்ளையாரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அமைதியாகக் கேளுங்கள். கேட்பது இணங்குவது ஆகாது. விபூதியையும் விக்கிரகத்தையும் இழித்துப் பேசி எவரும் கிறிஸ்துவின் அருகில் வந்ததாகத் தெரியவில்லை. 'சைவதூஷண பரிகாரம்' என்ற நூலை நாவலர் 1854இல் எழுதவேண்டி வந்தது அந்தப் பேச்சால்தான். நோயாளிக்காக ஜெபிக்க விரும்பினால் அனுமதி கேட்டு, மறுத்தால் முகம் மாறாமல் இருங்கள். நல்லூர்த் திருவிழா வீதியில் பிரசுரம் கொடுப்பது சட்டப்படி சரியா பிழையா என்பது இரண்டாவது கேள்வி. அது நல்ல அயலவர் செய்யும் வேலை இல்லை.

சைவப் பக்கத்து மறுப்பு இதைவிடக் கூர்மையானது. எத்தனை பிரித்து வைத்தாலும் கடைசியில் நோக்கம் மதமாற்றம்தானே, எளியவரிடம் பேசுவதே அழுத்தம்தானே என்பார்கள். இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். கடன்பட்டவளுக்கும் கடன் தீர்த்தவருக்கும் இடையே சமநிலை இல்லை. அவள் தலையாட்டுவது சம்மதமா மரியாதையா என்று அறிய வழியில்லை. அதனால்தான் உதவி பெறும் காலத்தில் அவளைத் தேவாலயத்துக்கு அழைக்கவே வேண்டாம் என்று சொல்கிறேன். மறுபாதியை ஏற்கமாட்டேன். தான் நம்புவதைச் சொல்லும் உரிமையைப் பறித்தால், நாவலர் வெள்ளிக்கிழமைகளில் வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் செய்த பிரசங்கங்களுக்கும் இடமில்லாமல் போகும். மிஷன் பாடசாலையில் கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற அவர், அதே மேடையையும் அச்சையும் பள்ளிக்கூடத்தையும் கையிலெடுத்துச் சைவத்தை நிமிர்த்தினார். 1870களின் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டியும் வைத்தார். வாதம் நடந்த ஊரில் இரு சமயமும் வளர்ந்தன. ஊரைப் பிளந்தது வாதம் அல்ல, வாதத்துக்குப் பின்னால் ஒளித்துவைத்த சலுகை.

பிள்ளைகள் விஷயத்தில் எந்தத் தளர்வும் கூடாது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரிடம் பெற்றோருக்குத் தெரியாமல் வேதபாடம் இல்லை, வகுப்புக்கு வந்ததற்குப் பரிசாக வேதாகமம் இல்லை, பெரியவர் ஒருவர் தனியே ஒரு பிள்ளையோடு இருப்பதும் இல்லை. வளர்ந்தவர் ஒருவர் தானாக வந்து ஞானஸ்நானம் கேட்டால் அவசரப்படாதீர்கள். ஒரு வருடமாவது போகட்டும். வீட்டாரிடம் அவரே சொல்லட்டும். பெற்றோரின் செத்தவீட்டிலும் அந்தியேட்டியிலும் தான் எங்கே நிற்பார் என்று அவரே யோசித்துத் தீர்மானிக்கட்டும். அதற்குள் உங்கள் சபையிலிருந்து அவருக்கு வந்துகொண்டிருந்த உதவியை, சபையோடு சம்பந்தமில்லாத இன்னொரு வழிக்கு மாற்றிவிடுங்கள். அப்போதும் அவர் வந்தால் வரட்டும். வருட முடிவில் உதவிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள்: எங்களுக்கு உங்கள் சமயம் வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்ன வீடுகள் இன்னும் அதில் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். ஒன்று குறைந்திருந்தாலும், அடுத்த செவ்வாய்க்கிழமை முதலில் அந்தப் படலைக்குப் போங்கள்.