ஆப்பரேஷனுக்குத் துணை போகிறவர்களுக்கு

ஈப்போவில் ஜெலாப்பாங், சிலிபின், புந்தோங் என்று எங்கே போனாலும் யாராவது என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "மிஸ்ஸி, அக்காவுக்கு வயிற்றைச் சின்னதாக்கும் ஆப்பரேஷன் செய்யலாம் என்கிறார்கள். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார்கள். வார்டில் தாதியாக வேலை பார்த்தவள் நான். சொந்தத் தங்கை மகளுக்கும் இந்த ஆப்பரேஷனின்போது கூடவே இருந்தேன். அந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். நோயாளிக்குச் சொல்ல டாக்டர் இருக்கிறார். இது கூட நிற்கும் உங்களுக்கு.

1. முதலில் பழி சொல்வதை நிறுத்துங்கள். "வாயைக் கட்டியிருந்தால் இது வருமா?" என்ற பேச்சு வீட்டில் ஒருமுறைகூட எழக்கூடாது. நம் பாட்டன் பாட்டிகள் விடியுமுன் பெரட்டுக்கு நின்று, ரப்பர் மரம் சீவி, காண்டா வாளியில் பால் சுமந்து நடந்தவர்கள். தட்டு நிறையச் சோறு அந்த உழைப்புக்குத் தேவைப்பட்டது. 1941 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கே சோறாக இருந்ததைப் பார்த்தவர்களுக்கு, பிள்ளை வயிறார உண்பதைவிடப் பெரிய நிம்மதி இல்லை. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நாம் தாமான்களுக்கு வந்தோம். இன்று நம் பிள்ளைகள் லோரி ஓட்டுகிறார்கள், ஆபீசில் உட்கார்கிறார்கள். உழைப்பு மாறியது, தட்டு மாறவில்லை. அதோடு மைலோவும் கண்டென்ஸ்ட் பாலும் சேர்ந்துகொண்டன. 2023இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் பாதிப்பேருக்கு மேல் அதிக எடையோடு இருக்கிறார்கள். ஒருத்தியின் நாக்கை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்?

2. இது சோம்பேறிகளின் குறுக்கு வழி என்று சொல்பவர்களுக்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள். இது நேற்று முளைத்த வித்தை அல்ல. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்து எட்வர்ட் மேசன் 1966இலேயே இரைப்பை பைபாஸ் முறையைத் தொடங்கிவிட்டார். இன்று பரவலாகச் செய்யும் 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோனும் அதனால் குறைகிறது. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அதனால் அவசரமும் வேண்டாம். ஆசிய உடலுக்கு பி.எம்.ஐ. 37.5, நீரிழிவு போன்ற நோய் இருந்தால் 32.5 என்பது பல காலமாகச் சொல்லப்படும் அளவு. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அது 96 கிலோ, 83 கிலோ. 2022இல் வந்த உலக வழிகாட்டுதல் இந்த வரம்பை இன்னும் கீழே இறக்கியிருக்கிறது. அதற்காகக் கல்யாணத்துக்குப் புடவை கட்ட ஐந்து கிலோ குறைக்க இந்தப் பக்கம் வராதீர்கள்.

3. எங்கே செய்வது என்பதில்தான் நான் பிடிவாதக்காரி. கிளினிக் கெசிஹாத்தானில் தொடங்கி ரெஃபரல் கடிதம் வாங்குங்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும், சிராஸிலுள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் இதற்கென்று குழுக்கள் உண்டு. காத்திருக்க வேண்டியிருந்தால் காத்திருங்கள். சென்னையில் மலிவு என்று சிலர் விமானம் ஏறுகிறார்கள். அங்கே நல்ல டாக்டர்களுக்குக் குறைவில்லை. ஆனால் 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்தார். தமிழக அரசு விசாரணைக் குழு அமைத்தது. எந்த ஊராக இருந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த ஆப்பரேஷனை நீங்கள் வாடிக்கையாகச் செய்கிறீர்களா? ஐ.சி.யு. இதே கட்டடத்தில் இருக்கிறதா? வீட்டுக்குப் போன பத்தாம் நாள் இரவு இரண்டு மணிக்கு வயிறு வலித்தால் யாரைக் கூப்பிடுவது? மூன்றாவது கேள்விக்கு ஜெலாப்பாங்கிலிருந்து எட்டும் தூரத்தில் பதில் கிடைக்காவிட்டால், அந்த இடம் வேண்டாம் என்பேன்.

4. பணத்தை முதலிலேயே பேசி முடியுங்கள். பல மெடிக்கல் கார்டுகள் எடைக் குறைப்புச் சிகிச்சையை ஏற்பதில்லை. பாலிசியில் விலக்குப் பட்டியலை நீங்களே படியுங்கள். ஏஜெண்டின் வாய்ச்சொல்லை நம்பி நாள் குறிக்காதீர்கள்.

5. ஆப்பரேஷனுக்கு முந்திய வாரங்களில் உங்கள் வேலை வண்டி ஓட்டுவதும் நோட்டுப் புத்தகம் வைப்பதும். இரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, டயட்டீஷியன், மனநல ஆலோசனை என்று வரிசையாக அலைச்சல். குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்பதை நோயாளி அறியமாட்டார். பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். அதை டாக்டரிடம் சொல்லுங்கள், மயக்க மருந்து கொடுப்பவருக்கு முக்கியமான செய்தி அது. சிகரெட்டைப் பல வாரங்களுக்கு முன்பே விட வேண்டும். கடைசி இரண்டு வாரம் மாவுச்சத்தும் கொழுப்பும் குறைத்த சாப்பாடு தருவார்கள். கல்லீரல் சுருங்கினால்தான் அதற்கு அடியிலிருக்கும் இரைப்பையில் கருவி தடையில்லாமல் வேலை செய்யும். "கடைசியாக ஒரு தடவை" என்று நாசி கண்டார் விருந்து வைக்கிற மாமாவைக் கதவருகிலேயே நிறுத்துங்கள்.

6. ஆப்பரேஷன் அன்று நீங்கள் செய்ய அதிகமில்லை. மறுநாள் உண்டு. சொன்ன நேரத்தில் எழுப்பி நடக்க வையுங்கள், காலில் இரத்தம் கட்டாமலிருக்க அதுதான் மருந்து. "பாவம், படுக்கட்டும்" என்று இரக்கப்படாதீர்கள். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ வரும் 200 கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் ஓட்டாமல், தாப்பா போன்ற ஓய்விடங்களில் இறக்கி நடக்கவிட்டுக் கூட்டி வாருங்கள்.

7. இனி அடுப்படி. வார்டில் மருந்து ஊற்றும் சின்னப் பிளாஸ்டிக் கப்பைப் பார்த்திருப்பீர்கள், 30 மில்லி. ஒன்றிரண்டை வீட்டுக்குக் கேட்டு வாங்கி வாருங்கள். அந்தக் கப் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி முடிக்கவே கால் மணி நேரம் ஆகும். என் தங்கை மகள் கட்டிலோரத்தில் உட்கார்ந்து, உதட்டை நனைக்கிற அளவு வாயில் வைத்து, விழுங்கி, கண்ணை மூடி, அது கீழே இறங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் அடுத்த வாய் எடுப்பாள். முதல் இரண்டு வாரம் நீராகாரம்: வடிகட்டிய சூப், பருப்புத் தண்ணீர், டயட்டீஷியன் சொன்ன புரதப் பால். அடுத்து அரைத்தது. அதன் பிறகு மென்மையானது: அவித்த முட்டை, தயிர், ஆவியில் வேகவைத்த கெம்போங் மீன், சர்க்கரைப் பாகு ஊற்றாத தாவ்ஃபூஃபா. கட்டியான உணவுக்கு ஒன்றரை, இரண்டு மாதம் ஆகலாம். நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்பார்கள். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். அதனால் தட்டில் முதல் வாய் எப்போதும் புரதம், சோறு கடைசி. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி நேரம் தள்ளித்தான். பைபாஸ் செய்தவர் இனிப்பைத் தொட்டால் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிற்றோட்டம் போகலாம்.

8. பார்க்க வருகிறவர்கள். ஹார்லிக்ஸ் டின், ஆப்பிள், அச்சு முறுக்கு, புந்தோங் கச்சான் பூத்தே பொட்டலம் எல்லாம் வரும். அன்போடு வருகிறது, முகம் சுளிக்காமல் வாங்கி உள்ளே வையுங்கள். "ஒரு வாய்தானே" என்று கை நீளும்போது நீங்கள் நடுவே போக வேண்டும். ஆப்பரேஷன் செய்தவளால் மறுக்க முடியாது, மறுத்தால் அழுவாள். நம் வீடுகளில் சாப்பாடு போடாமல் பிரியத்தைக் காட்டத் தெரிவதில்லை. சோறு இல்லாமலும் பிரியம் காட்டலாம் என்றுதான் நான் எல்லா வீட்டிலும் சொல்லி வருகிறேன். சாயங்காலம் அவளோடு நடக்கப் போங்கள். தலைக்கு எண்ணெய் வைத்து விடுங்கள். அவள் துணியைத் துவைத்துக் காயப்போடுங்கள். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தால் அவளையும் உட்கார வைத்து, நாலு ஸ்பூனோடு அவள் எழுந்தால் ஒன்றும் சொல்லாதீர்கள்.

9. இந்த அபாய அறிகுறிகளைக் குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். நாடித் துடிப்பு ஓய்விலும் 120க்கு மேல், காய்ச்சல், குறையாத வயிற்று வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீக்கம்: உடனே எமர்ஜென்சி, இல்லையேல் 999. ஆப்பரேஷன் செய்த தேதியை வாசலிலேயே சொல்லி, டிஸ்சார்ஜ் கடிதத்தைக் கையில் கொடுங்கள். நாள்கணக்கில் வாந்தி நிற்காமல், நடை தள்ளாடி, பார்வை இரட்டையாகத் தெரிந்தால் அது வைட்டமின் பி1 குறைவாக இருக்கலாம். தாமதித்தால் மூளையைப் பாதிக்கும்.

10. மாத்திரை டப்பாவில் இருப்பதையெல்லாம் டாக்டர் முன் எடுத்து வையுங்கள். நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை சில நாட்களிலேயே இறங்கிவிடும். பழைய அளவில் இன்சுலினோ கிளிக்ளசைடோ எடுத்தால் மயங்கி விழுவார். மூட்டுவலி என்றதும் பொன்ஸ்தான் விழுங்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும், குறிப்பாக பைபாஸ் செய்தவர், புண் வரும். பனடோல் போதுமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

11. மூன்றாம் மாதம் சீப்பில் முடி கொத்தாக வரலாம், பெரும்பாலும் திரும்ப வளரும். மது முன்பைவிட வேகமாகத் தலைக்கேறும். இளம்பெண்ணாக இருந்தால் ஒரு வருடம், ஒன்றரை வருடம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். மாமியாருக்கு இதை எடுத்துச் சொல்லும் பொறுப்பும் உங்களுடையது.

12. தைப்பூசம் பற்றிக் கேட்காத வீடில்லை. முதல் வருடம் ஒருவேளை மட்டும் உண்ணும் விரதமும் காவடியும் வேண்டாம். புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலை முருகன் கோயில் வரை வெயிலில் நடக்கும்போது மடமடவென்று தண்ணீர் குடிக்க அவளால் முடியாது. நேர்த்திக்கடனை முருகன் அடுத்த வருடம் ஏற்றுக்கொள்வார். அப்போதும் டாக்டரைக் கேட்டு, பருப்பும் தயிரும் தௌஹூவும் கணக்காகச் சேர்த்து விரதமிருக்கட்டும்.

13. வைட்டமின் மாத்திரை ஆயுளுக்கும். எடை குறைந்து ஆள் அழகானதும் முதலில் விட்டுப்போவது இதுதான். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி குறைவது வெளியே தெரியாது. வருடத்துக்கு ஒருமுறையாவது இரத்தம் எடுக்க அவளைக் கூட்டிப் போகும் தேதியை இப்போதே உங்கள் காலண்டரில் குறித்துவிடுங்கள்.