இளைப்பு இல்லையே, எதற்கு இன்ஹேலர்?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. தினமும் இரண்டு வேளை எடுக்கச் சொன்ன இன்ஹேலரை இப்போது தொடுவதே இல்லை. கேட்டால், “எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே” என்கிறான். மூச்சு வாங்கும்போது மட்டும் சால்பியூட்டமால் இன்ஹேலரை அடித்துக்கொள்கிறான். என் மாமியாரோ, “பழகிட்டா விடாது, வளர்த்தியும் நின்னுடும்” என்கிறார். போன மாதம் நடுராத்திரியில் நெபுலைசர் வைக்க ஓடினோம். திட்டியும் பார்த்துவிட்டேன், கெஞ்சியும் பார்த்துவிட்டேன். என்ன செய்வது டாக்டர்?

– ஒரு தாய், ஈரோடு

பதில்: திட்டுவதையும் கெஞ்சுவதையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள் அம்மா. “இதில் உனக்கு என்னப்பா கஷ்டம்?” என்று ஒரு முறை கேட்டுவிட்டு, அவன் வாய் திறக்கும்வரை பொறுத்திருங்கள். இந்த வயதுப் பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்துப் பேசினால் காரணம் வந்துவிடும். தொண்டை கரகரக்கிறது என்பான் ஒருவன். பி.டி. சார் டீமிலிருந்து எடுத்துவிடுவார் என்று பயப்படுவான் இன்னொருவன். பலருக்கு வெறும் மறதி. காரணம் தெரியாமல் சொல்லும் அறிவுரை எதுவும் அவர்கள் காதில் ஏறாது.

உங்கள் மகன் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. சால்பியூட்டமால், மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். பலன் அவனுக்கே தெரியும். ஆனால் நாலைந்து மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். குழாயின் உட்சுவரில் இருக்கும் அழற்சி அப்படியே கிடக்கும். அதைத் தணிப்பது தினசரி இன்ஹேலரில் உள்ள பியூடசோனைடு போன்ற ஸ்டீராய்டு. அது முழுப் பலன் தரச் சில வாரம் ஆகும். நிறுத்தினாலும் அன்றைக்கே ஒன்றும் ஆகாது; வீக்கம் மெல்ல மெல்லத் திரும்பும். நிறுத்தியதற்கும் அந்த நடுராத்திரி ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பு அவன் கண்ணுக்குத் தெரியாமல் போவது இதனால்தான்.

நிவாரண மருந்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2014-ல் அறிக்கை வெளியிட்டார்கள். இறந்தவர்களில் பலருக்கு, அதற்கு முந்தைய ஓராண்டில் 12-க்கும் மேற்பட்ட நிவாரண இன்ஹேலர்கள் எழுதித் தரப்பட்டிருந்தன. வருடத்துக்கு மூன்று காலியானாலே அது எச்சரிக்கைதான். உங்கள் வீட்டில் எத்தனை காலியாகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

12 வயதைத் தாண்டியவர்களுக்கு சால்பியூட்டமாலை மட்டும் கொடுக்க வேண்டாம் என்று 2019-லேயே உலக ஆஸ்துமா வழிகாட்டுநெறி மாறிவிட்டது. பியூடசோனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரை, இளைப்பு வரும்போதும் தினசரியும் எடுக்கும் முறை இப்போது இருக்கிறது. மூச்சு வாங்கும்போது மட்டுமே இன்ஹேலரைத் தேடும் பையனுக்கு இது பொருத்தமாக இருக்கலாம். தேடும் அந்த நேரத்திலாவது ஸ்டீராய்டு உள்ளே போய்விடும். நீங்களாக மாற்றாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

பாட்டியின் பயத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கி அவதிப்பட்டவர்களை அவர் பார்த்திருக்கலாம். மாத்திரை மில்லிகிராம் கணக்கு. இன்ஹேலர் மைக்ரோகிராம் கணக்கு. அதற்கு அடிமையாவது என்ற பேச்சே கிடையாது. உயரம் கொஞ்சம் குறையலாம் என்பது உண்மை. பியூடசோனைடை வருடக்கணக்கில் எடுத்த பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை கவனித்ததில், சராசரியாக ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் வித்தியாசம். கட்டுப்படாத ஆஸ்துமாவும் வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று: அவன் மருந்து எடுப்பதை ஒரு முறை கூட இருந்து பாருங்கள். பலர் இழுக்கும் முன்பே அழுத்திவிடுகிறார்கள். மருந்து நாக்கிலும் தொண்டையிலும் அப்பிக்கொள்கிறது. ஸ்ப்ரே வகை என்றால் நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, ஸ்பேசர் வழியாக மெதுவாக ஆழ இழுத்து, பத்து விநாடி அடக்க வேண்டும். கேப்ஸ்யூல் போடும் வகை என்றால் வேகமாக இழுக்க வேண்டும். எடுத்த பிறகு வாய் கொப்பளிப்பது கட்டாயம். இன்ஹேலரைப் பல் துலக்கும் பிரஷ் பக்கத்திலேயே வையுங்கள். முதலில் பஃப், பிறகு பல் துலக்கல் என்று பழகிவிட்டால் மறதிக்கும் கொப்பளிப்புக்கும் சேர்த்து வழி பிறந்துவிடும்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பத்து நிமிடம் வெளியே உட்காருங்கள். சிகரெட், வேப்பிங் போன்றவற்றை உங்கள் எதிரில் அவன் பேசமாட்டான். விளையாட்டை விட வேண்டியதில்லை என்பதையும் டாக்டர் வாயாலேயே கேட்கட்டும். மாரத்தானில் உலக சாதனை படைத்த பவுலா ராட்கிளிஃபுக்கும் ஆஸ்துமா உண்டு. எந்த வேளைக்கு எது, இளைப்பு வந்தால் எத்தனை பஃப் என்பதை அவனே தன் கையால் எழுதிக்கொள்ளட்டும்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், நிவாரண பஃப் எடுத்தும் மூச்சு தணியாவிட்டால், அல்லது நாலு மணி நேரத்துக்குள் மறுபடி தேவைப்பட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், வண்டி வரும்வரை அவனைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பேசர் வழியாக ஒவ்வொரு பஃப்பாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.