சிறுநீரக நோயாளருக்கு ஏற்ற மரக்கறிகள்



மரக்கறி உடலுக்கு நன்று என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் சிறுநீரகம் பழுதுற்றவருக்கு எல்லா மரக்கறிகளும் ஒரே தன்மையன அல்ல. 1990ஆம் ஆண்டுகள் தொட்டு அநுராதபுரம், பொலன்னறுவை ஆகிய நெற்செய்கை மாவட்டங்களில், காரணம் திட்டமாக அறியப்படாத சிறுநீரக நோய் கமக்காரரை வருத்தி வருகின்றது. நீரிழிவாலும் உயர் குருதி அமுக்கத்தாலும் வரும் சிறுநீரக நோய் மலைநாட்டிலும் உண்டு. நுவரெலியாவிலும் ஹற்றனிலும் விளையும் மரக்கறி, லொறியேறித் தம்புள்ளைச் சந்தை வழியாக அந்நோயாளரின் அடுப்பையும் அடைகின்றது. ஆதலால் இதனை அறிந்திருத்தல் நம் கடமையாகும்.

பொட்டாசியம் செய்யும் தீங்கு

பயிருக்கு நாம் இடும் பொட்டாஷ் பசளையிலுள்ள பொட்டாசியமே மரக்கறியிலும் உள்ளது. நல்ல சிறுநீரகம் மிகையான பொட்டாசியத்தைச் சிறுநீருடன் வெளியேற்றிவிடும். பழுதுற்ற சிறுநீரகத்தால் அது இயலாது. குருதியில் அது மிகுந்தால் இதயத்துடிப்புத் தடுமாறும். உயிருக்கே கேடு நேரலாம்.

எனினும் நோயாளர் எல்லாரும் பொட்டாசியத்தைக் குறைக்கவேண்டியதில்லை. குருதிப் பரிசோதனையைக் கண்டு வைத்தியர் கூறுவதே முடிபு. அவர் கூறாமல் மரக்கறியை அறவே நிறுத்துவதும் பிழையாகும்.

தெரிந்தெடுத்தல்

சமைக்காத 100 கிராம் மரக்கறியிலுள்ள பொட்டாசியம், ஏறத்தாழ மில்லிகிராமில்:

சௌசௌ 125
வெள்ளரிக்காய் 150
கோவா 170
லீக்ஸ் 180
போஞ்சி 210
தக்காளி 240
கரட் 320
பீட்ரூட் 325
உருளைக்கிழங்கு 420

கீரைகள் பலவற்றில் 500க்கு மேலும் உண்டு. பொட்டாசியத்தைக் குறைக்கும்படி பணிக்கப்பட்டவர் முதல் நான்கினையும் போஞ்சியையும் பெரிதும் கொள்க. ஏனையவற்றை அளவறிந்து சிறிது கொள்க.

சமைக்கும் முறை

1. உருளைக்கிழங்கைத் தோல் சீவிச் சிறு துண்டுகளாக நறுக்குக.

2. நிறைந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிடுக. இவ்வாறு செய்தால் பொட்டாசியத்தில் ஏறக்குறைய பாதி நீங்கும்; துருவி வேகவைத்தால் இன்னும் மிகுதியாக நீங்கும். இரவு முழுவதும் ஊறவைப்பது மாத்திரம் போதாது.

3. வடித்த நீரைச் சூப்பாகவோ இரசமாகவோ நோயாளருக்குக் கொடுத்தலாகாது. சத்து என்று எண்ணிப் பலர் செய்யும் பிழை இதுவே.

4. உப்பைக் குறைக்க, கருவாடு, ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றை விலக்குக. உப்புக்குப் பதிலாக விற்கப்படும் பொடிகள் சிலவற்றில் பொட்டாசியம் மிகுதி. வைத்தியரைக் கேளாமல் அவற்றை வாங்கற்க.

5. காமரங்காயையும் பிலிம்பிக்காயையும் நோயாளர் முற்றாக விலக்கல்வேண்டும். சிறுநீரகம் பழுதுற்றவருக்குக் காமரங்காய் நஞ்சாகி மூளையைத் தாக்கும். இவற்றைச் சாறாக்கிக் குடித்தல் நலமுள்ளவருக்கும் ஆகாது.

தோட்டத்தில் செய்யத்தக்கது

வீட்டில் நோயாளர் ஒருவர் இருப்பின், சந்தைக்கான கிழங்குப் பாத்தியிலிருந்தே அவருக்கும் சமைத்தல் போதாது. லயத்தின் ஓரத்துச் சிறு நிலத்திலும் அவருக்கென ஒரு பாத்தி லீக்ஸும் கோவாவும் நடலாம். முளைவிட்ட சௌசௌக் காய் ஒன்றை முழுதாகவே நட்டுப் பந்தலிடுக. விதையை வெளியே எடுக்கவேண்டுவதில்லை. மலைநாட்டுக் குளிரில் அது செழித்துப் படர்ந்து, நெடுங்காலம் காய்தரும்.

கிளினிக்குக்குச் செல்லும் நாளில் இத்துண்டுப் பிரசுரத்தையும் உடன் கொண்டுசெல்க. எவற்றை எவ்வளவு உண்ணலாமென வைத்தியரைக் கேட்டுக் குறித்துக்கொள்க. அதன்பின் உங்கள் பாத்தியைத் திட்டமிடுக.