யோவானும் அருளப்பரும்

கல்லூரிக்கு வந்த முதல் வாரத்தில் என் பெயரைக் கேட்டு விடுதி நண்பர் ஒருவர் சிரித்தார். 'அருளப்பன்' அவருக்குப் பட்டிக்காட்டுப் பெயராகப் பட்டது போலும். அவர் பெயர் ஜான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடை சொல்லத் தெரியாமல் நின்றேன். பின்னொரு நாள் தமிழ்ப் பேராசிரியர், "தம்பி, உங்கள் இருவருக்கும் பெயர் ஒன்றுதானே!" என்றார். அந்தச் சொல்தான் என்னை நூலகத்திற்கு அனுப்பியது.

மூலப்பெயர் எபிரேய மொழியின் 'யோகனான்'. முற்பகுதி இறைவன் திருப்பெயரின் சுருக்கம். பிற்பகுதி 'அருள் புரிந்தான்' என்னும் வினை. ஆக, 'இறைவன் அருள் புரிந்தான்' என்ற முழு வாக்கியமே ஒரு பெயர். எபிரேயச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்கள் கொண்ட வேரிலிருந்து கிளைப்பவை. இந்த வேரே 'அன்னாள்' என்ற பெயரிலும் இருக்கிறது. 'அனனியா'விலோ அதே இரு பகுதிகள் முன்பின்னாக இடம் மாறி நிற்கின்றன. வேதியியல் மாணவனாகிய எனக்கு, மாற்றியம் என்றே சொல்லத் தோன்றுகிறது! எபிரேயத்தின் உறவு மொழியான பினீசியத்தில் இவ்வேர் பாகால் தெய்வத்தின் பெயரோடு சேர்ந்தது. உரோமரை நடுங்க வைத்த ஹனிபாலின் பெயர் அப்படிப் பிறந்ததே.

இப்பெயர் கிறித்தவத்திற்கும் முந்தியது. எரேமியா நூலில் கரேயாவின் மகன் யோகனான் வருகிறான். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின், யவ்னே ஊரில் யூதக் கல்வியைக் காத்தவர் யோகனான் பென் சக்காய் என்னும் அறிஞர்.

கிரேக்கர் நாவில் தொண்டை ஒலி மறைந்து 'யோவான்னேஸ்' ஆயிற்று. அங்கிருந்து ஆங்கிலத்தில் ஜான், பிரெஞ்சில் ழான், ஸ்பானியத்தில் ஹுவான், உருசியத்தில் இவான். ஒலி ஊர் ஊராய்ப் போயிற்று. பொருள் வழியிலேயே உதிர்ந்தது. தமிழ்க் கத்தோலிக்கரோ ஒலியை விட்டுப் பொருளைப் பிடித்துக்கொண்டனர். யோவான் 'அருளப்பர்' ஆனார். லிஸ்பனில் பிறந்து, 1693இல் ஓரியூரில் உயிர்நீத்த ஜான் தெ பிரிட்டோவும் இங்கே அருளானந்தர்தான். 1995இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு 'யோவான்' என்றே எழுதுகிறது. எனக்கு அதில் சிறு வருத்தம் உண்டு.

விடுமுறையில் இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். கைநாட்டு வைத்தே வாழ்ந்த என் பாட்டனாரின் பெயர்தான் எனக்கு வைத்தது. அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாமி அருளுன்னு பேருலயே இருக்கே, அதுக்கு எதுக்குடா புத்தகம்?" என்றார்.