இசைத்தட்டு முள்ளை நேராக்குவது எப்படி?

மாயாபந்தரில் இன்று ரெக்கார்டு கேட்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் வீட்டில் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகள் உண்டு. அப்பா சென்னையிலிருந்து கப்பலில் கொண்டுவந்தவை. எம்.எஸ். அம்மாவின் வேங்கடேச சுப்ரபாதமும் (1963) அதில் ஒன்று. சென்ற வருடம் பிளேயருக்குப் புதிய கார்ட்ரிட்ஜ் பூட்டினேன். தட்டின் வெளிப்பக்கம் நன்றாகப் பாடியது. லேபிளை நெருங்க நெருங்க 'ச', 'ஸ' எல்லாம் சீறின. தட்டு தேய்ந்துவிட்டது என்று அம்மா முடிவே கட்டிவிட்டார். கோணல் தட்டில் இல்லை, என் கைவேலையில்!

காரணத்தைச் சொல்கிறேன். மூலத்தட்டை வெட்டும் இயந்திரத்தின் முள் உள்நோக்கி நேர்க்கோட்டில் நகர்கிறது. நம் பிளேயரின் கையோ ஓரிடத்தில் ஊன்றி வளைவாகத் திரும்புகிறது. ஆகவே முள் பள்ளத்துக்குச் சரியான தொடுகோட்டில் நிற்பது இரண்டே இடங்களில்தான். மற்ற இடங்களில் சிறு கோணப்பிழை இருந்தே தீரும். 33⅓ சுற்றுத் தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. ஓடுகிறது, உள் ஓரத்தில் சுமார் 21 செ.மீ. மட்டுமே. ஒலி அங்கே நெருக்கி எழுதப்பட்டிருப்பதால் அதே பிழை அதிகம் உறுத்துகிறது.

அந்த இரண்டு இடங்களை எங்கே வைப்பது என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன. லோஃப்கிரென் (1938), பேர்வால்ட் (1941) கணக்குப்படி அவை மையத்திலிருந்து 66.0, 120.9 மி.மீ. லோஃப்கிரென்னின் இன்னொரு கணக்கு 70.3, 116.6, சராசரிப் பிழை குறையும், ஓரங்களில் கூடும். ஸ்டீவன்சன் (1966) 60.3, 117.4 என்றார், பாட்டு முடியும் இடமே அவருக்கு முக்கியம். லேபிள் வரை நிரம்பிய தட்டுகளுக்கு அது பொருந்தும். என் காதுக்குப் பேர்வால்ட் போதும்.

ஒரு தாளில் மையத் துளையிட்டு, அதிலிருந்து ஒரு கோடு இழுத்து, அதன்மேல் இரு புள்ளிகளையும் குறியுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் செங்குத்தாகக் கட்டம் வரையுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தாளைத் தட்டுமேடையில் பொருத்தி, முள்ளை முதல் புள்ளியில் இறக்குங்கள். கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் கட்டத்துக்கு இணையாக வரும்படி திருப்புங்கள். பிறகு அடுத்த புள்ளி. அங்கே கோணினால் இரு திருகுகளையும் தளர்த்தி முன்னோ பின்னோ சற்று நகர்த்தி, மீண்டும் முதலிலிருந்து. எனக்கு ஒரு ஞாயிறு முழுவதும் போயிற்று.

வில் வரைந்த அட்டைகளும் உண்டு. முள் அந்த வில்லின் மேலேயே செல்லவேண்டும். ஆனால் அந்த அட்டை குறிப்பிட்ட ஒரு கைக்கே பொருந்தும். கையின் அச்சுக்கும் தட்டின் மையத்துக்கும் உள்ள தூரம் சிறிது மாறினாலும் பயனில்லை.

நான் ஏமாந்த இடம் வேறு. கடையில் எடுத்த பிரிண்ட் 98 சதவீதமாகச் சுருங்கியிருந்தது, 66 மி.மீ. 64.7 ஆகிவிட்டது. தாளில் 100 மி.மீ. கோடு ஒன்று போட்டு, ஸ்கேலால் அளந்த பிறகே நம்புங்கள். கடைசியில் முள்ளின் எடையையும் மறுபடி சரிபாருங்கள். கார்ட்ரிட்ஜை நகர்த்தினால் அதுவும் மாறும்.

அளந்து சரிபார்த்த தாள் என்னிடம் இருக்கிறது. வேண்டுவோர் வீட்டுக்கு வரலாம்; பிளேயரை மட்டும் பத்திரமாகத் தூக்கி வாருங்கள்.