இரும்புப் பாலம்

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் கோல்புரூக்டேல் என்னும் ஊர் உள்ளது. அங்கு 1709ஆம் ஆண்டில் ஆபிரகாம் டார்பி என்பவர், மரக்கரிக்கு மாற்றாக, நிலக்கரியைச் சுட்டுப் பெற்ற கற்கரியால் இரும்புத்தாதை உருக்கினார். மரங்களை வெட்டாமலே மிகுதியான இரும்பைப் பெற வழி பிறந்தது.

அவருடைய பெயரனான மூன்றாம் ஆபிரகாம் டார்பி, அருகில் ஓடும் செவர்ன் ஆற்றின்மீது பாலம் அமைக்க முன்வந்தார். பாலங்களை மரத்தாலும் கல்லாலும் கட்டிய காலம் அது. அவரோ வார்ப்பிரும்பைத் தேர்ந்தெடுத்தார். 1779இல் ஏறத்தாழ 378 டன் இரும்பு, ஆற்றின் குறுக்கே 30 மீட்டர் வளைவாக எழுந்தது. அத்தகைய பாலத்தை அதற்குமுன் கட்டியவர் இலர். எனவே, தச்சர் மரத்தில் துளையிட்டு முளை பொருத்தும் முறையிலேயே இரும்புத் துண்டுகளை இணைத்தனர். செலவு மதிப்பீட்டை மீறியது. டார்பி பட்ட கடன் அவர் வாழ்நாள் முழுவதும் தீரவில்லை.

1781இல் பாலம் திறக்கப்பட்டது. 1795இல் வந்த பெருவெள்ளம் செவர்ன் ஆற்றுப் பாலங்கள் பலவற்றைச் சிதைத்தது; இப்பாலம் அசையாது நின்றது. கடப்போர் அனைவரும் சுங்கம் செலுத்த வேண்டும், அரச குடும்பத்தினர்க்கும் விலக்கில்லை என்கிறது அங்குள்ள அறிவிப்புப் பலகை. 1934 முதல் இப்பாலத்தில் ஊர்திகள் செல்வதில்லை. மக்கள் நடந்து கடக்கின்றனர். 1986இல் யுனெஸ்கோ இப்பள்ளத்தாக்கை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

சொற்பொருள்
பெயரன் – பேரன்
வார்ப்பிரும்பு – உருக்கி அச்சில் ஊற்றிய இரும்பு
சுங்கம் – வழிவரி

வினாக்கள்
1. இரும்பை இணைக்கத் தச்சுமுறையைக் கையாண்டது ஏன்?
2. டார்பி பட்ட கடன் வீணானதா? உம் கருத்தை எழுதுக.